கைப்பிடிச் சுவரில் நடந்தவள்

சங்கரன்கோவில்
4.2.79

அன்புத் தம்பி வெள்ளத்துரைக்கு அக்கா கோமதித்தாய் எழுதுவது.

அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். உன் உடம்பு எப்படி? மில் தூசியில் வந்த இருமல் நின்றதா? முருகம்மாளையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அய்யாவுக்கு முழங்காலில்தான் வலி, வாய்க்கு ஒரு வலியும் கிடையாது. நேற்றும் உன் அத்தானோடு மல்லுக்கட்டு.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் பேச்சிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. கரிவலம்வந்தநல்லூர், பையன் பெயர் சங்கரபாண்டியன், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பையனுக்குப் பிடித்துப்போய்விட்டது, பேச்சிக்கும் அப்படியே. தண்ணீர்க் குடத்தைக் கீழே வைக்காமல் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், எனக்குத் தெரியாதா? பையனின் அம்மாதான் வீட்டை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்கட்டும், விட்டமா இடிந்து விழப்போகிறது?

இனி வயிற்றெரிச்சல். நம்மூர்க் கொட்டகையில் பகல் காட்சிக்கு 'பதினேழாவது கதவு' போட்டிருக்கிறான். பனவடலிசத்திரம் காட்டுப் பங்களாவில் எடுத்தார்களே, அந்தப் பேய்ப் படம். வந்த காலத்தில் ஒரு வாரம்கூட ஓடாத சவம், இப்போது நம்மூர்ப் பங்களாவைப் பார்க்கிறோம் என்று ஊரே வரிசையில் நிற்கிறது. பங்களாவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வருகிறார்களா? "இந்தப் படம் எடுக்கும்போதுதான ஆறுமுகச்சாமி எளைய மக மாடத்தி சினிமாக்காரனோட ஓடுனா" என்று பதினைந்து வருஷக் கதையைத் தூசி தட்டிக்கொண்டு வருகிறார்கள். அய்யா பஸ் ஸ்டாண்டில் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அவளைத் தலைமுழுகிய நாளிலிருந்து இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுத்ததில்லை. நம் அம்மா சாகக் கிடந்தபோது ஒரு தடவை எடுத்தாள், அதற்கும் எழுந்து வெளியே போய்விட்டார்.

நீதான் அப்போது அந்தப் படக் கம்பெனியில் சாமான் தூக்க நின்றாய். தண்ணீர் எடுத்து ஊற்ற அவளைக் கூட்டிப் போனதும் நீ, அவள் கம்பெனி லாரியில் ஏறிப் போனதைப் பார்த்ததும் நீ. படத்தில் எங்கேயாவது ஒரு மூலையில் அவள் நிற்கிறாளா? ஒரு தடவை அந்த முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அய்யாவுக்குத் தெரியாமல் போகவா? எழுது.

இப்படிக்கு,
அக்கா கோமதித்தாய்


தாராவி, பம்பாய்
19.2.79

அன்புள்ள அக்காவுக்கு வெள்ளத்துரை வணக்கம்.

இங்கு எல்லோரும் சுகம். அங்கு அய்யா, அத்தான், பேச்சி அனைவரின் சுகத்துக்கும் எழுதவும். இருமல் தேவலை. இங்கே இந்த வருஷம் குளிர் கொஞ்சம் அதிகம். தண்ணீர்க் குழாயில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது. பேச்சிக்கு வரன் வந்ததில் மெத்த சந்தோஷம்.

அந்தப் படத்துக்குப் போகாதே. நல்ல படம் இல்லை. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் பேய்ப் படம் பார்க்கக் கூடாது. மாடத்தி அதில் இல்லை. அவள் தண்ணீர்தான் எடுத்தாள். நீ போக வேண்டாம்.

அய்யாவுக்கு முழங்காலுக்கு இங்கிருந்து தைலம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
வெள்ளத்துரை


சங்கரன்கோவில்
4.3.79

தம்பிக்கு அக்காவின் ஆசிகள். நாங்கள் சுகம். தைலம் வந்தது. அய்யா மோந்து பார்த்துவிட்டுக் குதிரைக்குப் போடுவது என்கிறார், ஆனால் போட்டுக்கொள்கிறார்.

போகாதே என்ற உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே நான் போய்விட்டு வந்துவிட்டேன். முன்னால் வந்திருந்தாலும் போயிருப்பேன். நீ என்ன எனக்கு மாமியாரா? பக்கத்து வீட்டு ஆயிஷம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டேன்.

படம் ஒரே இழுவை. சொத்துக்காக ஒருத்தனை ஒருத்தன் கொல்கிறான், பதினாறு கதவு உள்ள பங்களாவில் பதினேழாவது கதவைத் தேடுகிறார்கள், வெள்ளைச் சேலை கட்டிய பேய் ஒன்று மெழுகுவர்த்தியோடு அலைகிறது. இடைவேளைக்குப் பிறகு அந்தப் பேய் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நடக்கிறது. தலைமுடியை விரித்துப்போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு. வலது கையில் மெழுகுவர்த்தி. இடது கை முழங்கையில் மடங்கி அப்படியே நிற்கிறது, நிமிரவே இல்லை. புளியமரத்திலிருந்து விழுந்து எலும்பு கோணலாகக் கூடிய கை அது. எத்தனை வருஷம் அந்தக் கையைப் பிடித்துச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாமல் போகுமா?

கொட்டகை முழுக்க விசில். ஆயிஷம்மாள் "யா அல்லா" என்று என் கையைப் போட்டுக் கிள்ளுகிறாள். நான் என்னை மறந்து "ஏட்டி மாடத்தி, பாத்துப் போட்டி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நடந்துகொண்டே போனவள் ஒரு பக்கமாகச் சாய்கிறாள், மெழுகுவர்த்தி கையை விட்டுப் போகிறது, அத்தோடு கதாநாயகி அலறுகிற முகத்தைக் காட்டிவிட்டான். என்னமாய் நடித்திருக்கிறாள் நம்ம பிள்ளை! நிஜமாகவே கால் தவறியது மாதிரியே இருந்தது.

இல்லை என்று ஏன் எழுதினாய்? எனக்கு வருத்தமாக இருக்கும் என்றா?

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. ஆயிஷம்மாள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் நான் கத்தியதை ஊர் கேட்டுவிட்டது. கரிவலத்துக்கும் போய்விட்டது. பையனின் அம்மா தரகரிடம் சொல்லிவிட்டாளாம், "சித்திக்காரி சினிமாக்காரனோட போனவளாம்லா. அந்த வீட்டுப் பிள்ள நாளைக்கு எங்க வீட்டுல தங்குவாங்கது என்ன நிச்சயம்?" என்று. பேச்சி இரண்டு நாளாகத் தலை சீவவில்லை.

மாடத்தி எங்கேயாவது ஒருத்தன் கையால் தாலி வாங்கிக் குடும்பமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். அதைச் சொல்லி இவர்கள் வாயை அடைத்துவிடுவேன். நீ மெட்ராஸில் இரண்டு வருஷம் அந்த ஸ்டுடியோவில் இருந்தவன். யாரையாவது விசாரித்து எழுது. இந்த வீட்டில் பேச்சியின் கல்யாணம் உன் கையில்தான் இருக்கிறது.

அக்கா


சங்கரன்கோவில்
9.4.79

தம்பிக்கு, எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. கரிவலத்தார் இன்னும் முறித்துக்கொள்ளவில்லை. பையன் பிடிவாதமாக நிற்கிறானாம். ஒரு கார்டு எழுத இரண்டு நிமிஷம் ஆகுமா?

அக்கா


தாராவி, பம்பாய்
24.4.79

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் காய்ச்சலாக இருந்தது. அதனால் எழுதவில்லை. இப்போது வேலைக்குப் போகிறேன். அங்கு அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

மாடத்தியை ஒரு நாள் சுவரில் நடக்கவைத்து எடுத்தார்கள். எனக்கு மறந்துபோய்விட்டது. அதற்கு மறுநாள்தான் லாரியில் போனாள்.

உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மெட்ராஸில் இருந்தபோது கேள்விப்பட்டேன். கம்பெனியில் எலக்ட்ரீசியனாக இருந்த ஒருவரை முறைப்படி கல்யாணம் செய்துகொண்டு ஹைதராபாத் போய்விட்டாள். இரண்டு பிள்ளைகள். அய்யாவுக்குப் பயந்துதான் எழுதவில்லை. நல்லபடியாக இருக்கிறாள். கரிவலத்தாரிடம் அப்படியே சொல்லிவிடு. விலாசம் எனக்குத் தெரியாது. கேட்டு எழுதியிருக்கிறேன்.

அய்யாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

வெள்ளத்துரை


சங்கரன்கோவில்
9.5.79

என் ராசா, என் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்த அன்று கோயிலுக்குப் போய் அம்மன் சன்னதியில் புற்றுமண் வாங்கி வீட்டில் எல்லார் நெற்றியிலும் பூசிவிட்டேன். காய்ச்சல் சுத்தமாக விட்டதா? கஞ்சி குடி, கண்ட கடையில் தின்னாதே.

அய்யாவிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன். என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. அவருக்கு எழுத்து தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "திரும்பப் படி" என்றார். மூன்று தடவை படித்தேன். அப்புறம், "ரெண்டும் ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?" என்று கேட்டார். தம்பி, பதினைந்து வருஷம்! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

மறுநாள் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார். துணிப்பையில் இரண்டு வேட்டி, துண்டு, கடையில் வாங்கிய ஒரு பச்சைச் சேலை எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். "பிள்ளைய நான்தான தலமுழுகுனேன். நாந்தான் போயிக் கூப்பிடணும்" என்கிறார். ஹைதராபாத்துக்கு எந்த ரயில் என்று ஸ்டேஷனில் போய்க் கேட்டுவிட்டும் வந்துவிட்டார். தபால்காரர் ரசூல் தெருவில் திரும்பினால் போதும், வாசலுக்கு இவர் போய்விடுகிறார்.

கரிவலத்தாரிடமும் சொல்லிவிட்டேன். அந்த அம்மா நம்பவில்லை. மாடத்தி கையெழுத்தில் ஒரு கடிதமாவது, குடும்பத்தோடு ஒரு போட்டோவாவது காட்டட்டும் என்கிறாள். ஆடி முடிகிற வரைக்கும் பார்ப்பார்களாம். ஆகவே விலாசத்தைச் சீக்கிரம் அனுப்பு. இத்தனை நல்லது செய்தவன் இதையும் செய்துவிடு.

அக்கா


தாராவி, பம்பாய்
22.6.79

மதினி அவர்களுக்கு முருகம்மாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது.

நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் தம்பிதான் சரியில்லை. நான் எழுதுவது அவுகளுக்குத் தெரியாது. நீங்கள் கடிதம் போட்டும் பதில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். சாப்பாடு இறங்கவில்லை. மில்லுக்குப் பாதி நாள்தான் போகிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். நம் வீட்டுக் கன்னிக்குக் கோபம் வந்துவிட்டதோ என்று நினைக்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஆடி மாதம் கடைசிச் செவ்வாய்க்கிழமை தவறாமல் ஒரு ஓலைப் பெட்டியில் பாவாடை தாவணி, வளையல், ரிப்பன், பவுடர் எல்லாம் வைத்துத் தேங்காய் உடைத்துக் கும்பிடுவார்கள். "எங்க வீட்டுல கன்னியாப் போன பிள்ள ஒண்ணு இருக்கு" என்று சொன்னார்கள். பேர் கேட்டால் மட்டும் சொல்ல மாட்டார்கள். இந்த வருஷம் "ஆடிக்கு ஒண்ணும் வைக்காத, எனக்கு அருகத இல்ல" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

கன்னியைப் பட்டினி போட எனக்குப் பயமாக இருக்கிறது மதினி. நீங்கள் அங்கே எப்படிக் கும்பிடுகிறீர்கள்? என்ன பலகாரம் வைப்பீர்கள்? பேர் என்ன? எழுதினால் அவுகளுக்குத் தெரியாமல் நானே செய்துவிடுவேன்.

தங்கள் அன்புள்ள,
முருகம்மாள்


சங்கரன்கோவில்
3.7.79

வெள்ளத்துரைக்கு,

முருகம்மாள் எழுதியிருந்தாள். அவளை நீ ஒன்றும் சொல்லாதே. அவள்மேல் தப்பில்லை.

நம் வீட்டில் கன்னி கிடையாது. அய்யாவோடு பிறந்த மூன்று பேரும் பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்துத்தான் போனார்கள். அம்மா வழியிலும் கல்யாணமாகாமல் செத்தவர்கள் இல்லை. உனக்கும் இது தெரியும். கன்னி கும்பிடுவது செத்த பிள்ளைக்கு. உயிரோடு ஹைதராபாத்தில் இரண்டு பிள்ளை வைத்திருக்கிறவளுக்கு யாராவது ஆடிச் செவ்வாயில் பாவாடை வைப்பார்களா?

யாருக்கடா வைத்தாய்?

அய்யாவின் பை இன்னும் ஆணியில் தொங்குகிறது. நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுது. எழுதாவிட்டால் அவரைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்து உன் வாசலில் உட்காருவேன்.

கோமதித்தாய்


தாராவி, பம்பாய்
20.7.79

அக்கா,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

மாடத்தி செத்துப்போனாள். லாரியில் போகவில்லை. எலக்ட்ரீசியன், ஹைதராபாத் எல்லாம் நான் சொன்ன பொய்.

அந்தக் கதாநாயகி சுவரில் ஏறப் பயப்பட்டது. மாடத்தி அதே உயரம், அதே முடி. மானேஜர் என்னைக் கூப்பிட்டு "உன் தங்கச்சி நடக்குமா?" என்றார். நான்தான் அக்கா, "சுவத்துல என்ன சார், கயித்துலயும் நடப்பா" என்று சொன்னேன். பெருமைக்குச் சொன்னேன். அவளுக்கும் சந்தோஷம். வெள்ளைச் சேலையைக் கட்டிவிட்டதும் "அண்ணே, அக்காவக் கூப்பிட்டு வந்து காட்டணும்" என்றாள். பகலில் எடுத்து ராத்திரி மாதிரிக் காட்டுவார்கள். காலை பத்து மணி இருக்கும். மேலே காற்று அதிகம். முதல் தடவை நன்றாக நடந்தாள். இன்னொரு தடவை என்றார்கள். சேலை காலில் சுற்றிவிட்டது. பின்கட்டில் துணி துவைக்கிற கல்மேல் விழுந்தாள்.

அவள் சாய்கிறதைப் படத்தில் வைத்திருக்கிறார்கள் என்று உன் கடிதத்தில் படித்துத்தான் எனக்குத் தெரியும். நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். அவள் விழுந்தவுடன் சாகவில்லை. கார் கதாநாயகியைக் கோவில்பட்டியில் ரயிலேற்றப் போய்விட்டது. கார் வரட்டும் என்றார் மானேஜர். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், படம் நின்றுவிடும், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். உன்னை மெட்ராஸில் ஸ்டுடியோவில் சேர்த்துவிடுகிறேன் என்றும் சொன்னார். ஊருக்குள் வண்டியும் மாடும் இருந்தன. ஓடிப்போய் ஒரு வண்டியைக் கட்டியிருந்தால் மத்தியானத்துக்குள் சங்கரன்கோவில் வந்திருக்கலாம். நான் போகவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். "அண்ணே, வீட்டுக்கு எப்பம் போவோம்?" என்று நாலு தடவை கேட்டாள். இப்போது போவோம், இப்போது போவோம் என்றேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கார் வந்தது. அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் பேச்சு நின்றுவிட்டது.

பின்கட்டுக் கிணற்றுக்கு மேற்கே, ஓடைக்கரையில் இரண்டு வேப்பமரம் சேர்ந்து நிற்கும். நடுவில் வைத்தோம். நானும் மண் தள்ளினேன். அய்யா அரிவாளை எடுத்துவிடுவார் என்ற பயத்தில் லாரியில் போய்விட்டாள் என்று வந்து சொன்னேன். அன்றைக்குச் சொன்னதை அப்புறம் மாற்ற முடியவில்லை.

அய்யாவுக்கு இதைப் படித்துக் காட்டு. அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளத்துரை


சங்கரன்கோவில்
12.8.79

வெள்ளத்துரைக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். நாலாம் நாள் அய்யா, "வெள்ளத்துர எழுதிருக்கான்னு ரசூலு சொன்னாரு. படி" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். படித்தேன். சுவரில் நடந்தது, காற்று, கல், எல்லாம் படித்தேன். அப்புறம் தாளைத் திருப்பி, வேப்பமரத்து வரிக்குப் போய்விட்டேன். நடுவில் உள்ளதைப் படிக்கவில்லை.

அய்யா கேட்டார். "விழுந்ததும் உயிரு போயிட்டா?"

"ஆமாய்யா. உடனே" என்றேன்.

"பிள்ள சிரமப்படல" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். அய்யா அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குக்கூட அழவில்லை.

உன்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "இருவத்தோரு வயசுப் பய. என் அரிவாளுக்குப் பயந்து இத்தன வருசம் மனசுக்குள்ள வச்சுச் செத்துருக்கான். நான் அப்படி வளத்துட்டேன். வரச் சொல்லு, அவன நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்கிறார். தினமும் நீ எப்போது வருகிறாய் என்று என்னிடம் கேட்கிறார். தினமும் ஒரு தடவை, "உடனேதான போயிட்டு?" என்றும் கேட்கிறார். நானும் தினமும் ஆமாம் என்கிறேன். அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். போட்டு என்ன, வரி வரியாக மனப்பாடமாகிவிட்டது.

கோயிலில் ஆடித் தபசுத் திருவிழா முடிந்த மறுநாள் பனவடலிக்குப் போனோம். பங்களாவில் ஆள் இல்லை, ஓடு சரிந்து கிடக்கிறது. வேப்பமரம் இரண்டும் நிற்கின்றன. போலீசுக்கு எழுதலாமா என்று உன் அத்தான் கேட்டார். இனி எலும்பைக் கிளறி ஊர் பார்க்க வைக்க வேண்டாம் என்று அய்யா சொல்லிவிட்டார். முழங்கால் வலியோடு மண்டி போட்டு அவர் கையாலேயே ஒரு பிடி மண் எடுத்து, அந்தப் பச்சைச் சேலையில் முடிந்துகொண்டு வந்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். நாளை மறுநாள் ஆடிக் கடைசிச் செவ்வாய். நம் வீட்டில் கன்னி வைக்கிறோம். முருகம்மாளிடம் பேர் மாடத்தி என்று சொல், அதிரசம் பிடிக்கும் என்று சொல்.

கரிவலத்து அம்மா விஷயம் கேட்டுத் தானாகவே வந்தாள். ஓடிப்போனவள் என்று மூக்கைச் சுளித்தவள், கன்னி என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தெய்வம் இருக்க வீடுன்னு தெரியாமப் போச்சே" என்கிறாள். செத்தவள் என்றால்தான் மரியாதை. நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆவணி இருபதாம் தேதி முகூர்த்தம். பேச்சி சிரிக்கிறாள், எனக்கு அது போதும்.

நீ வர வேண்டும். பேச்சிக்குத் தாய்மாமன் நீ ஒருத்தன்தான். நீ மாலை போட்டுக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டி வராவிட்டால் ஊர் ஏன் என்று கேட்கும், அய்யாவும் கேட்பார். வந்து முன்னால் நில். அய்யா கட்டிப்பிடித்தால் அழு. எல்லாருக்கும் முன்னால் நானும் உன் பக்கத்தில் நிற்பேன், சிரித்த முகமாகவே நிற்பேன். ஒன்றே ஒன்று. என்னிடம் மட்டும் வந்து, "சுகமா இருக்கியா அக்கா?" என்று கேட்டுவிடாதே.

கோமதித்தாய்